அடுத்த நாவல் எது? ஆயிரம் பக்கத்தில் அடிபட்டவர்கள் கேட்கிறோம்

மாடக்குளம் எழுதியது:

மதுரையில் நாங்கள் பதினாலு பேர் மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிறு சாயங்காலம், ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். ஒரு நாவல், ஒரு தூக்குவாளிச் சுண்டல், ஒரு பிளாஸ்க் காபி. மூன்று வருஷமாக ஓடுகிறது.

போன முறை 'காவல் கோட்டம்' எடுத்தோம். நம்ம ஊர்க்காரர் எழுதிய நம்ம ஊர்க் கதை, 2011ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது, மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்காவிட்டால் எப்படி என்று அடம்பிடித்தது நான்தான். ஆயிரம் பக்கத்துக்கு மேல். இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தோம். கூட்டத்தன்று வந்தவர்கள் பதினொரு பேர், முடித்தவர்கள் நாலு பேர். ஒருவர் அதிலிருந்து எடுத்த 'அரவான்' படத்தைப் பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம் பேசினார். நாவலில் அந்தப் பகுதி வரும் இடத்துக்கே பாதிப் பேர் போய்ச் சேரவில்லை என்பதால் யாரும் மறுக்கவும் இல்லை! இன்னொருவர் புத்தகத்தைப் பிரித்த அடையாளமே இல்லாமல் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். பக்கங்களுக்கு நடுவே கடை ரசீது அப்படியே இருந்தது.

நாவல் மேல் குறையில்லை. முடித்த நாலு பேரும் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மீதிப் பத்துப் பேருக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. இரண்டு பேர் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நழுவப் பார்க்கிறார்கள்.

அதனால் அடுத்ததைச் சரியாக எடுக்க வேண்டும். நிபந்தனை மூன்று. முந்நூறு பக்கத்துக்குள். கடையில் கிடைக்க வேண்டும். படித்துவிட்டு எல்லோரும் "அருமை" என்று சொல்லிக் கலைந்துபோகிற மாதிரி இருக்கக் கூடாது, சண்டை வர வேண்டும். சொல்லுங்கள்.

கல்கிதாசன் எழுதியது:

பொன்னியின் செல்வன்.

மாடக்குளம் எழுதியது:

ஐயா, முந்நூறு பக்கம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். அது ஐந்து பாகம்.

கல்கிதாசன் எழுதியது:

பாகத்துக்கு ஒரு மாதம் வைத்தால் ஐந்தே மாதம். 1950லிருந்து 54 வரை வாராவாரம் காத்திருந்து படித்தார்கள் நம் பாட்டிமார். உங்களால் ஐந்து மாதம் முடியாதா?

அரைமணி எழுதியது:

இந்தத் தளத்தில் எந்த இழையைத் திறந்தாலும் முதல் பதில் இதுதான். போன வாரம் ஒருவர் "பழைய கிரைண்டர் விற்பனைக்கு" என்று போட்டிருந்தார், அதற்குக் கீழேயும் வந்தியத்தேவன் குதிரையில் வந்துவிட்டார். விடுங்கள்.

என் ஓட்டு 'வெக்கை'. பூமணி, 1982. சின்ன நாவல், ரயிலில் ஒரே இரவில் முடித்தேன். கொலை செய்துவிட்டு ஓடும் பையன், கூடவே அவன் அய்யா. காட்டுக்குள்ளும் மலையிலும் சில நாள். எங்கே ஒதுங்கலாம், எதைச் சுட்டுத் தின்னலாம், யார் வீட்டில் கஞ்சி கேட்கலாம் என்பதுதான் கதை முழுக்க. அப்பனும் மகனும் பேசிக்கொள்வதைப் படிக்கும்போது பயமும் பசியும் சேர்ந்து வரும்.

தாழ்வாரம் எழுதியது:

வெக்கை நல்ல நாவல்தான் அண்ணே. ஆனால் 2019ல் அது 'அசுரன்' படமாக வந்த பிறகு அதைக் குழுவில் எடுப்பது கஷ்டம். நாங்கள் எடுத்துப் பட்டோம். முக்கால்வாசிப் பேச்சு தனுஷைப் பற்றிப் போய்விட்டது. படத்தில் கனம் அப்பா பக்கம் சாய்கிறது. நாவல் அந்தப் பையன் சிதம்பரத்தின் தோளில் நிற்கிறது. படத்தில் பார்த்த முன்கதையை நாவலில் தேடிக்கொண்டு வந்தவர்கள், "அது எங்கே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர் எழுதாததற்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அரைமணி எழுதியது:

அதுவே நல்ல விவாதம்தானே? என்ன சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பேசலாமே.

தாழ்வாரம் எழுதியது:

பேசலாம், எல்லோரும் நாவலையும் படித்திருந்தால். படம் இருந்தால் பாதிப் பேர் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாடக்குளம் சாருக்கு ஏற்கெனவே ஒரு 'அரவான்' அனுபவம் இருக்கிறது.

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். மூன்று வருஷத்தில் எத்தனை நாவல் எடுத்தீர்கள், அதில் எத்தனை பெண்கள் எழுதியது என்று முதலில் சொல்லுங்கள் சார். அப்புறம் நான் சொல்கிறேன்.

மாடக்குளம் எழுதியது:

எண்ணிப் பார்த்தேன் மேடம். இருபத்தெட்டு நாவல். பெண்கள் எழுதியது மூன்று. குழுவில் ஆறு பேர் பெண்கள். எழுதும்போதே கை கூசுகிறது.

உப்புக்காற்று எழுதியது:

கூசட்டும். நான் தூத்துக்குடி. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுங்கள். 1979. எங்கள் ஊர் அளத்தில், அதாவது உப்பளத்தில், வேலை செய்கிறவர்களின் கதை. பொன்னாச்சி என்று ஒரு பெண், தம்பியோடு பஞ்சம் பிழைக்க அளத்துக்கு வருகிறாள். என் அத்தை அளத்தில் வேலை பார்த்தவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்ப்பாள். பாதத்தில் கோடு கோடாக வெடித்திருக்கும், வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. "சோத்துல உப்பு கம்மி" என்று மாமா சொன்னால், "எங் காலக் கழுவி ஊத்து" என்பாள். அந்தக் காலை நான் புத்தகத்தில் பார்த்தது இந்த நாவலில்தான்.

இந்த அம்மா சென்னையில் உட்கார்ந்து கற்பனையில் எழுதவில்லை. உப்பளமோ மீனவர் குப்பமோ நீலகிரி மலையோ, அங்கேயே போய், அந்த மனிதர்களோடு இருந்து, கேட்டு, அப்புறம்தான் எழுதினார். இன்னொரு வசதியும் உண்டு. 2009ல் அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. எந்தப் பதிப்பகமும் போடலாம், இணையத்திலும் சட்டப்படியே படிக்கலாம். கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பக்கம்47 எழுதியது:

கரிப்பு மணிகள் முக்கியமான நாவல், மறுக்கவில்லை. ஆனால் மேடம், அதில் சண்டை வருமா? முதலாளி கெட்டவன், கங்காணி கெட்டவன், தொழிலாளி பாவம். எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்போம். "எவ்வளவு கொடுமை" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிடுவோம்.

உப்புக்காற்று எழுதியது:

உங்கள் வீட்டில் உப்பு எந்த விலைக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சண்டை தானாக வரும். அது இருக்கட்டும், அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் நடந்துகொள்வது முழுக்க நாவலில் இருக்கிறது. அதைத் தாண்டிப் படித்துவிட்டு முதலாளி, தொழிலாளி என்று மட்டும் சொல்கிறீர்கள்.

பக்கம்47 எழுதியது:

சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். படித்துப் பத்து வருஷம் ஆகிறது.

என் பரிந்துரை ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964. கன்னியாகுமரிப் பக்கம், பனைவிளை. நொடித்துப்போன ஒரு பெரிய வீடு, அதில் லிஸி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளையைப் பெரியவளானதும் வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். பனையேறி மகன் தங்கராஜ் மேல் அவளுக்குப் பிரியம். கதை இவ்வளவுதான். சத்தமே போடாத நாவல். ஆனால் ஒரு பெண் எதுவுமே பேசாமல் எப்படித் தான் நினைத்ததை விடாமல் இருக்கிறாள் என்பதை அந்த அம்மா எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே! பேச்சு வழக்கு குமரி வழக்கு. முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தடுக்கும், அப்புறம் காது பழகிவிடும்.

ரயில்பயணி எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குழு ஆறு வருஷமாக நடக்கிறது. புத்தகம் எதுவாகவும் இருக்கட்டும், எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நாங்கள் செய்து பார்த்த மூன்று வழி சொல்கிறேன்.

முதலாவது, ஆளுக்கு ஒரு மாதம். அவரவர் சொல்வதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். ஜனநாயகம் மாதிரித் தெரியும். நடந்தது என்னவென்றால், தேர்ந்தெடுத்தவர் அன்றைக்கு வக்கீல் மாதிரி உட்கார்ந்து நாவலுக்காக வாதாடினார். யாராவது குறை சொன்னால் அவர் முகம் சுருங்கும். நாகரிகம் கருதி எல்லோரும் பாராட்டிவிட்டுப் போவோம்.

இரண்டாவது, மதிப்பெண். மூன்று, இரண்டு, ஒன்று என்று போட்டுக் கூட்டுவது. இதில் எப்போதும் யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாத ஒன்றுதான் ஜெயிக்கும். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு இனிப்பு என்று கேசரி போடுவார்களே, அது மாதிரி.

மூன்றாவதுதான் இப்போது நடக்கிறது. நாலைந்து பெயரை எழுதி, ஆளுக்கு ஒரு சீட்டு. எது வேண்டும் என்று எழுதக் கூடாது. எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் காரணங்களைச் சத்தமாகப் படிக்கும்போதே பாதி முடிவு தெரிந்துவிடும். மீதி இருக்கிற இரண்டு மூன்றில் முதல் பத்துப் பக்கத்தை யாராவது வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் யாருக்குப் பதினோராவது பக்கம் வேண்டும் என்று கேட்போம். கை தூக்க வேண்டியதில்லை. முகத்தில் தெரியும்.

நாவல் என்று கேட்டால், அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973. நூற்றைம்பது பக்கம்கூட வராது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது எங்கள் குழுவில் எடுத்தோம். வந்தவர்கள் அத்தனை பேரும் அன்று காலையில் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு வந்தவர்கள். குழாயில் வரும் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்கிற இடத்தைப் படித்தபோது ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார். ஜமுனாவும் டீச்சரம்மாவும் பேசுகிற அந்த இடத்தைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசினோம். டீச்சரம்மா சொல்வது ஆறுதலா, அதட்டலா, அல்லது "எனக்கு நேர்ந்ததைவிடவா உனக்கு" என்கிற ஒரு மாதிரியான கொடூரமா? இன்றுவரை எங்களுக்குள் முடியவில்லை.

மாடக்குளம் எழுதியது:

நன்றி சார். "எது வேண்டாம்" சீட்டு பிரமாதம். எங்கள் குழுவில் எது வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் நன்றாக வரும்.

பெட்டியடி எழுதியது:

நான் இதில் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், காரைக்குடிப் பக்கம், இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறேன். மதுரைக்காரர்கள் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், ஒருவர்கூட ப. சிங்காரத்தைச் சொல்லவில்லையே என்றுதான் எழுத வந்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவில் மேடானுக்கு வேலைக்குப் போய், யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்த மனிதர். எழுதியது இரண்டே நாவல். 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல வருஷம் போட ஆளில்லாமல் கிடந்து 1972ல்தான் புத்தகமாக வந்தது. அவர் நடந்த தெருவில் நடந்துகொண்டு அவரைப் படிக்காமல் இருக்கலாமா?

அரைமணி எழுதியது:

"மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்காவிட்டால் எப்படி" என்றுதான் ஐயா போன முறை மாட்டிக்கொண்டார்கள்.

பெட்டியடி எழுதியது:

உண்மைதான் தம்பி. ஆனால் இது முந்நூறுக்குக் கொஞ்சம்தான் கூட.

தாழ்வாரம் எழுதியது:

தோணி தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குழுவுக்கு அது முதல் நாவலாக இருக்கக் கூடாது. எடுத்த எடுப்பில் மேடான் நகரத்து டச்சுத் தெருப் பெயர்கள், மலாய்ச் சொல், ஜப்பான் படை வருகிறது, கூட்டம் நிற்கிறது, யார் யார் என்றே புரியாது. நடுநடுவே சங்கப் பாட்டை எடுத்துக் கிண்டல் செய்வார், தமிழ்ப் பெருமையைப் போட்டுத் துவைப்பார். அந்தக் கிண்டல் புரியவே கொஞ்சம் படிப்பு வேண்டும். போன முறை தோற்றுப்போன பத்துப் பேர் இதில் இன்னொரு தடவை தோற்றால் திரும்பி வர மாட்டார்கள்.

உப்புக்காற்று எழுதியது:

அதோடு, அந்த நாவலில் பெண்கள் எங்கே? தாசி வீடு, சாராயக் கடை, கப்பல். நாயகன் பாண்டியன் நினைப்பில் வருகிற பெண்களைத் தவிர எழுந்து நின்று பேசுகிற ஒரு பெண் உண்டா? மூன்று வருஷத்தில் மூன்றே மூன்று பெண் எழுத்தாளர்கள் என்று கை கூசியவர் அடுத்து இதை எடுத்தால் நான் இந்த இழையைவிட்டே போகிறேன்.

பெட்டியடி எழுதியது:

அம்மா சொல்வது நியாயம்தான்.

என் தாத்தா மலேயாவில் செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன், பெட்டியடி என்பது சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் மேல் வைத்து ஐந்தொகை எழுதுவார்கள். கடையில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன், சமையலாள். தாத்தா மூன்று கணக்குப் போய் வந்தார். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். யுத்தத்தில் மாட்டிக்கொண்டு 46ல் வந்தபோது என் அப்பாவுக்கு அவர் முகம் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெட்டி இன்னும் எங்கள் ஊர் வீட்டில் இருக்கிறது, இப்போது அதில் ரேஷன் கார்டும் மின்கட்டண ரசீதும் வைக்கிறோம். அந்தச் சொற்களை எல்லாம் அச்சில் முதல்முதலாகப் பார்த்தது சிங்காரத்திடம்தான். அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். மன்னிக்கவும்.

பக்கம்47 எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா. இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான்.

ரயில்பயணி எழுதியது:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சிங்காரம் எழுதியது இரண்டு நாவல் என்கிறீர்கள், எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறோம். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' என்ன ஆயிற்று? 1959ல் வந்தது, கலைமகள் நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. தோணியைவிடச் சின்னது, நேர்கோட்டில் போகிற கதை.

தாழ்வாரம் எழுதியது:

அட, ஆமாம். நான் அதைத் தோணிக்கு ஒத்திகை என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பெட்டியடி எழுதியது:

நானும்தான், வெட்கமாக இருக்கிறது. அதில் செல்லையா அடுத்தாள். வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை. மகள் மரகதத்தைச் செல்லையாவுக்குக் கொடுப்பதாக இருந்தவர், பையன் நேதாஜி படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டுத் திரும்பியதும் மனசு மாறிவிடுகிறார். துப்பாக்கி பிடித்த கை இனி பேரேட்டுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. இடம் பினாங்கு.

அரைமணி எழுதியது:

அடடே, இதில் சண்டை இருக்கிறதே. அப்பா சொல்வதில் தப்பு என்ன? நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

பக்கம்47 எழுதியது:

நாட்டுக்காகப் போனவனுக்குப் பெண் இல்லையா?

அரைமணி எழுதியது:

நாட்டுக்காகப் போனான், சரி. திரும்பி வந்து வட்டிக்கணக்கு எழுத அவனுக்கே மனசு ஒட்டுமா? கடையும் வேண்டும் பெண்ணும் வேண்டும் என்றால் முதலாளி யோசிக்கத்தான் செய்வார்.

உப்புக்காற்று எழுதியது:

இருவரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. மரகதம் என்ன நினைக்கிறாள்? நான் படித்ததில்லை. அவள் பேசுகிறாளா?

பெட்டியடி எழுதியது:

பேசுகிறாள் அம்மா. அவள் தாயார் காமாட்சியம்மாளும் இருக்கிறார். வீடு ஒன்று இருக்கிறது நாவலில். தோணியில் வீடு கிடையாது. போதுமான அளவு பேசுகிறாளா என்பதை நீங்கள் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

மாடக்குளம் எழுதியது:

நேற்று மாடியில் கூடினோம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். பட்டியலில் ஆறு: வெக்கை, கரிப்பு மணிகள், புத்தம் வீடு, தண்ணீர், புயலிலே ஒரு தோணி, கடலுக்கு அப்பால். வேண்டாம் சீட்டு கொடுத்தோம். வெக்கைக்கு ஐந்து, எல்லாச் சீட்டிலும் ஒரே காரணம், "படம் பார்த்தாச்சு". தோணிக்கு நாலு. அதில் ஒரு சீட்டில் "எனக்கு இன்னொரு முறை அவமானப்படத் தெம்பில்லை" என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கரிப்பு மணிகளுக்கு இரண்டு. தண்ணீருக்கு ஒன்று, "சென்னைக் கதை" என்று காரணம். மதுரைக்காரனுக்கு இது ஒரு காரணமா என்று கேட்டால், ஆமாம் காரணம்தான் என்கிறார்.

ஒரு சீட்டும் விழாதவை இரண்டுதான், புத்தம் வீடும் கடலுக்கு அப்பாலும். பிந்தியது யாருக்கும் தெரியாது, அதனால் வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் தண்ணீரையும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். ரயில்பயணி சார் சொன்ன மாதிரி ஆளுக்குப் பத்துப் பக்கம். மாடிவிளக்கு மங்கல் என்பதால் ஒருவர் கைபேசி விளக்கைப் பிடிக்க, ஒருவர் வாசிக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் எல்லோருக்கும் பிடித்தது. புத்தம் வீட்டை வாசித்தது நாகர்கோவிலில் பிறந்த ஒரு அக்கா. அவர் வாயில் அந்த வழக்கு வந்தபோது தடுக்கவே இல்லை, கண்ணால் படிக்கும்போது இருந்த முள் காதால் கேட்கும்போது போய்விட்டது. பதினோராவது பக்கத்தையும் அவரே வாசித்துவிட்டார்.

கடைசியாகக் கடலுக்கு அப்பால். நான்தான் வாசித்தேன். எங்கள் குழுவில் ஒரு சின்னப் பையன், இருபத்திரண்டு வயது, கூரியர் வேலை. எட்டு மாதமாக வருகிறான், இதுவரை வாய் திறந்ததில்லை. நடுவில் நிறுத்தச் சொல்லி, "சார், இவங்க எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்களா? நம்ம பக்கத்திலிருந்து போயா அங்க சண்டை போட்டாங்க?" என்று கேட்டான். திருப்பத்தூர், சிங்கம்புணரி, தேவகோட்டை என்று ஊர் ஊராகச் சொன்னேன். அவனுக்குத் திருப்பத்தூரில் ஒரு பெரியப்பா. "எங்க பெரியப்பா வீட்டுல பினாங்குப் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, எதுக்கு அந்தப் பேருன்னு நான் கேட்டதே இல்ல" என்றான். அப்புறம் அரை மணி நேரம் யாரும் வாசிக்கவில்லை. ஆளாளுக்கு வீட்டில் இருக்கிற ரங்கூன் கண்ணாடி, பர்மாத் தேக்கு, மலேயாவில் காணாமல்போன சித்தப்பா என்று பேச்சு போய்விட்டது.

சுண்டல் ஆறிப்போயிற்று. முடிவு: அடுத்த கூட்டத்துக்குக் கடலுக்கு அப்பால். அதற்கு அடுத்த மாதம் புத்தம் வீடு, இதையும் இப்போதே எழுதி ஒட்டிவிட்டோம், மாற்ற முடியாது. மே விடுமுறையில் தோணி, இரண்டு கூட்டமாகப் பிரித்து. விருப்பமுள்ளவர்கள் மட்டும்.

கரிப்பு மணிகள் என்ன ஆயிற்று என்று உப்புக்காற்று மேடம் கேட்பார். அது ஜூலைக்கு. நீங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்து நடத்தித் தருவதாக இருந்தால்.

அரைமணி எழுதியது:

சிங்காரத்தின் இரண்டு நாவலையும் ஒரே தொகுதியாகச் சேர்த்தும் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கினால் மே மாதத்துக்கும் ஆயிற்று. ஆனால் பார்க்கத் தடியாக இருக்கும். காவல் கோட்டத்தில் பயந்தவர்களிடம் காட்டும்போது பின்பாதியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுங்கள்.

கல்கிதாசன் எழுதியது:

யாரிடமாவது பிடிஎஃப் இருந்தால் வாட்ஸப்பில் போடுங்களேன். பன்னிரண்டு பேர் எதற்குப் பன்னிரண்டு புத்தகம் வாங்க வேண்டும்?

மாடக்குளம் எழுதியது:

போட மாட்டோம். ராஜம் கிருஷ்ணன் மாதிரி நாட்டுடைமை ஆனது என்றால் வேறு. மற்றபடி திருட்டுப் பிரதி எங்கள் குழுவில் கிடையாது, ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்தது. இந்த மாதிரிப் புத்தகங்களைப் போடுகிறவர்கள் சின்னப் பதிப்பகங்கள். ஐந்நூறு பிரதி விற்கவே வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கு ஆறு பிரதி வாங்குகிறோம், முதல் இரண்டு வாரம் ஒருவர், அடுத்த இரண்டு வாரம் இன்னொருவர். பென்சிலால் மட்டும் கோடு போடலாம். முதல் ஆள் போட்ட கோட்டைப் பார்த்து இரண்டாவது ஆள் திட்டிக் குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம், பல சண்டை அங்கேயே தொடங்கிவிடும்.

பெட்டியடி எழுதியது:

மாடக்குளம் ஐயா, நான் உங்கள் கூட்டத்துக்கு வரலாமா? மகள் வீடு விளாங்குடி. இரவு ஒன்பதுக்குள் திரும்பினால் போதும். ஊருக்குப் போனால் அந்தப் பெட்டியை எடுத்து வருகிறேன். ரேஷன் கார்டை எங்கே வைப்பது என்றுதான் யோசனை.

மாடக்குளம் எழுதியது:

கட்டாயம் வாங்க ஐயா. கூரியர் தம்பியே வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறான். பெட்டியை மட்டும் அவன் வண்டியில் ஏற்ற முடியாது, அதற்கு ஆட்டோ பிடிப்போம்.

உப்புக்காற்று எழுதியது:

ஜூலைக்கு வருகிறேன் சார். சுண்டலுக்கு எங்கள் ஊர் உப்பு கொண்டுவருகிறேன்.

கடலுக்கு அப்பாலையும் நேற்றே வரவழைக்கச் சொல்லிவிட்டேன். மரகதம் மொத்தம் எத்தனை இடத்தில் வாயைத் திறக்கிறாள் என்று எண்ணி இங்கேயே போடுகிறேன். பென்சில் சீவியாயிற்று.